மூன்று கீபோர்டும் ஒரு கும்பாபிஷேகப் பத்திரிகையும்

1. கறுப்புத் திரை

விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடுகிற லினக்ஸில் டெர்மினல் என்று ஒரு கறுப்புத் திரை உண்டு. அதில் பாஸ்வேர்டு அடித்தால் எழுத்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. கர்சர் நின்ற இடத்திலேயே கல்லாக நிற்கும். நாம் பாட்டுக்கு அடித்துவிட்டு என்டர் தட்டினால் வேலை நடக்கும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நான் மூன்று கீபோர்டு மாற்றினேன்.

நான் அரியலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். பெயர் மணி. ஆனால் 'மணி கடை எங்கே' என்று கேட்டால் வழி சொல்ல மாட்டார்கள். 'ஃபார்மட் மணி' என்று கேட்க வேண்டும். எந்தக் கோளாறுடன் யார் வந்தாலும் நான் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். ஸ்லோவா, ஃபார்மட். வைரஸா, ஃபார்மட். பிரிண்டர் ஓடவில்லையா, பிரிண்டரை விட்டுவிட்டு கம்ப்யூட்டரை ஃபார்மட். சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ஊர் என்பதால் சிபியூவைத் திறந்தால் உள்ளே அரை மூட்டை தூசி இருக்கும். தூசியைத் தட்டியதும் பாதி மெஷின் தானாகவே சரியாகிவிடும். பெயர் மட்டும் ஃபார்மட்டுக்குப் போய்விடும்.

போன வருடம் பெரம்பலூரிலிருந்து பொற்கொடி போன் செய்தார். அங்கே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பவர், என் பழைய கஸ்டமர். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எந்தப் பத்திரிகையானாலும் மேட்டரை அவர்தான் டைப் செய்து அச்சகத்துக்குக் கொடுப்பார்.

"அண்ணே, மெஷினு எந்திரிக்கவே மாட்டேங்குதுண்ணே. காலைல சுவிட்சப் போட்டுட்டு நான் வூடு கூட்டி, கோலம் போட்டு, கடை தொறந்து வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

புதிய விண்டோஸ் அந்த மெஷினில் ஏறாது. அவ்வளவு பழசு. அந்த வாரம்தான் நான் லினக்ஸ் பற்றி வீடியோ பார்த்திருந்தேன். மொத்தம் இரண்டு வீடியோ. இரண்டாவதில் நடுவே விளம்பரம் வந்ததால் பாதியில் விட்டுவிட்டேன்.

"லினக்ஸ் போட்டுருவோம்மா," என்றேன். "பழைய மெஷினெல்லாம் குதிரை மாதிரி ஓடும். வைரஸ் கிட்டயே வராது."

"உங்களுக்கு அது தெரியுமாண்ணே?"

"என்னம்மா இப்படிக் கேட்டுப்புட்ட!" என்றேன். நல்ல பதில். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை.

என் சர்வீஸ் பென்டிரைவை எடுத்து அதில் லினக்ஸை ஏற்றினேன். 'இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், சம்மதமா' என்று கேட்டது. சம்மதம் கொடுத்தேன். உள்ளே என்ன இருந்தது என்று யோசிக்கவில்லை. அதற்கான யோசனை ஒரு நாள் கழித்துத்தான் வந்தது.

2. மேலே ஒருவர், பெரிதாக ஒருவர்

பெரம்பலூர் போய் உட்கார்ந்ததும் பொற்கொடி ஒரு ஃபைலைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணே, எது போனாலும் போவட்டும். இந்த ஒண்ணு மட்டும் பத்திரம். நாளைக்கு அச்சுக்குப் போவணும்."

அது ஒரு கும்பாபிஷேகப் பத்திரிகை. வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் ஊர். ஊர்ப் பெயரை இங்கே எழுதினால் 'எங்கள் தெருப் பெயரை ஏன் எழுதவில்லை' என்று ஒருவர் வருவார் என்பதால் விட்டுவிடுகிறேன். அங்கே இரண்டு பங்காளிகள். மூத்தவர் ராமலிங்கம், கோயில் தர்மகர்த்தா. இளையவர் பெரியசாமி, கோபுரத்துக்கு உபயம் செய்தவர். ஒரு வரப்புத் தகராறில் பேச்சு நின்று பல காலம் ஆகிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஒருவருக்கொருவர் முகம் பார்க்க மாட்டார்கள். பொற்கொடி நடுவில் நின்று, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்ல வேண்டும்.

யார் பெயர் மேலே என்பதில் ஊரே இரண்டாக நின்றிருக்கிறது. முதலில் எடுத்த புரூஃப்பைப் பெஞ்சிலேயே கிழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தாளே வேண்டாம் என்று இருவரையும் மானிட்டர் முன்னால் உட்காரவைத்து, ஒவ்வொரு பெயராக ஏற்றி இறக்கி, கடைசியில் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார் பொற்கொடி. ராமலிங்கம் பெயர் மேலே வரும். பெரியசாமி பெயர் கீழே வரும், ஆனால் எழுத்து ஒரு சைஸ் பெரிது. இப்படி ஒரு தீர்ப்பை எந்தக் கோர்ட்டிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

"பிரிண்ட் போட்டு வச்சிருக்கலாம்ல?" என்றேன்.

"நல்லாச் சொன்னீங்க. தாளு வெளிய போச்சுன்னா, வூட்டுல பொம்பளைங்க படிச்சுட்டு மறுபடி மொதல்லேருந்து வருவாங்க. நேரா அச்சுக்குத்தாண்ணே அனுப்பணும். இது ஒடஞ்சா கும்பாபிஷேகமே நின்னுரும்."

"கவலையே படாத," என்றேன். ஃபைல்களை எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன். அந்த ஒரு வரியைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சாதகமாக இந்தக் கட்டுரையில் இருப்பது அது மட்டும்தான்.

3. கீபோர்டு வைத்தியம்

லினக்ஸ் சமர்த்தாக ஏறிவிட்டது. வைஃபை மட்டும் தெரியவில்லை. என் போனை யூஎஸ்பி வயரில் மாட்டி நெட் கொடுத்தேன். வைஃபையை ஓட்டுவதற்கு டிரைவர் என்று ஒரு சாஃப்ட்வேர் போட வேண்டும் என்று போனில் படித்து, டெர்மினலைத் திறந்து, அதில் போட்டிருந்த கமாண்டை எழுத்துக் கூட்டி அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

கமாண்டை அடித்தபோது வேலை செய்த கீபோர்டு, பாஸ்வேர்டு என்றதும் எப்படிச் செத்துப்போகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. கழற்றினேன், தட்டினேன், ஊதினேன். பொற்கொடி மேசைக்கு அடியிலிருந்து இன்னொன்றைக் கொடுத்தார். அதுவும் செத்திருந்தது. எதிரே இருந்த மொபைல் கடையில் புத்தம்புதிதாக மூன்றாவதை வாங்கிவந்தேன். அதுவும் பிறவியிலேயே ஊமை. கோபத்தில் பாஸ்வேர்டை ஒரு குத்தாகக் குத்தி என்டரைத் தட்டினேன். திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடின. வைஃபை வந்துவிட்டது.

"என்னண்ணே பண்ணீங்க?" என்று ஜெராக்ஸ் மெஷின் பக்கமிருந்து கேட்டார் பொற்கொடி.

"கீபோர்டு கோளாறும்மா. ரெண்டும் போயிருச்சு. நல்லவேளை புதுசு வாங்குனோம்."

நடந்தது என்ன என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

4. போச்சு

அடுத்து ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை உள்ளே கொண்டுவந்து, முதல் வேலையாகக் கும்பாபிஷேகத்தைத் திறந்தேன்.

தமிழ் இல்லை. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பூனை கீபோர்டு மேல் நடந்துபோன மாதிரி ஆங்கில எழுத்துகள். நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி. முதல் வார்த்தையே epfOk; என்று இருந்தது. வேறொன்றைத் திறந்தேன். ஒரு கல்யாணம். அதுவும் அப்படியே. ஒரு கண்ணீர் அஞ்சலி. அதுவும் அப்படியே. நேராக ஹார்டு டிஸ்க்கிலேயே திறந்தேன், அதிலும் அதே. வாட்ஸ்அப்பில் என் போனுக்கு அனுப்பித் திறந்தேன், போனிலும் அதே.

இந்த இடத்தில் ஒரு தொழில் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிலில் கோளாறு பெரிதாகத் தெரிந்தால் முதலில் செய்வது, மானிட்டரை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது. கஸ்டமர் பார்த்தால் பதறுவார், பதறினால் கேள்வி கேட்பார். 'கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது' என்று ஒரு காரணமும் கைவசம் இருக்கும். நான் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணே, ஃபைலு வந்துருச்சா?"

"வருது, வருது."

"தெறந்து பாத்தீங்களா?"

எழுந்து நின்று சொன்னேன். "கரப்ட் ஆயிருச்சும்மா. காப்பி எடுக்கும்போதே போயிருக்கு. எல்லாம் போச்சு."

பொற்கொடி கையில் ஆதார் கார்டு ஜெராக்ஸ் ஒன்று இருந்தது. அதைக் கொடுக்க வேண்டியவரிடம் கொடுத்து அனுப்பினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பேன்.

"இத்தன வருசம் அடிச்சதெல்லாம்?" என்றார். பிறகு, "அது கெடக்கட்டும். கும்பாபிஷேகத்துக்கு என்னண்ணே பண்றது?" என்றார்.

5. உதவி

செய்த தவறோடு ஒருவன் சும்மா இருந்துவிட்டால் பாதிச் சேதம்தான். உதவி செய்யக் கிளம்பினால்தான் முழுச் சேதம்.

"இருங்கண்ணே, யாருக்கும் சொல்லிப்புடாதீங்க. நான் நெனப்புல இருந்தே அடிச்சுப் பாக்குறேன்," என்று பொற்கொடி முகம் கழுவப் போனார். அவர் வருவதற்குள் அவருடைய போனில் தர்மகர்த்தாவின் எண்ணை எடுத்து நானே கூப்பிட்டுவிட்டேன். சுமையைக் குறைக்கலாம் என்ற நல்லெண்ணம்.

"ஐயா, பத்திரிகை ஃபைலு கம்ப்யூட்டர்ல போச்சுங்கய்யா. பேரையெல்லாம் இன்னொரு வாட்டி சொல்லிட்டீங்கன்னா அடிச்சுரலாம்."

"போச்சா?" என்றார் ராமலிங்கம். குரலில் துக்கம் தெரியவில்லை. "சரி வுடு, நல்லதாப் போச்சு. எழுதிக்க. தலைமை, நானு. முன்னிலை, எந்தம்பி. வரவேற்பு, எம்மருமவன்."

"பெரியசாமி ஐயா பேருங்க?"

"அது... எடமிருந்தாப் பாரு."

நியாயம் என்றால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் அல்லவா? பெரியசாமியையும் கூப்பிட்டேன்.

"மொதல்ல எங்கய்யா பேரைப் போடு," என்றார் அவர். "அப்பறம் நானு. அப்பறம் மத்தவங்க."

"மத்தவங்கன்னா யாருங்கய்யா?"

"மத்தவங்கன்னே போடு. வந்து பாக்குறேன், இரு. அவரு சொல்லித்தான அழிச்ச?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பொற்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அண்ணே," என்றார், "நீங்க ஃபார்மட்டோட நிறுத்தியிருக்கலாம்ணே."

6. முதல் வார்த்தை

என்னை எழுப்பிவிட்டு அவரே மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மானிட்டரைத் தன் பக்கம் திருப்பினார். நான் அதற்குள் ஃபைலை மூடியிருந்தேன். புதிய கீபோர்டைக் கழற்றி வைத்துவிட்டு, நான் செத்துப்போனதாக அறிவித்த முதல் கீபோர்டை எடுத்து மாட்டினார். எழுத்தெல்லாம் தேய்ந்துபோன பழசு.

"அது ஓடாதும்மா," என்றேன்.

"எனக்கு இதான் கைக்குப் பழக்கம்," என்று கண்ணை மூடிக்கொண்டு, பெயர் வரிசையை நினைவுபடுத்தியபடி அடிக்க ஆரம்பித்தார். எல்லாப் பத்திரிகைக்கும் உள்ள ஆரம்பம்தான். 'நிகழும் மங்களகரமான' என்று வாய் சொல்ல, விரல் ஓடியது. கண்ணைத் திறந்தார்.

"ச்சே, ஃபான்ட் மாத்தாமயே அடிச்சிருக்கேன்."

சாதாரணமாகச் சொன்னார். டைப் அடிப்பவர்களுக்குத் தினமும் நடப்பதுதான். பழைய தமிழ் ஃபான்ட்டுகளில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். ஃபான்ட் அதற்குத் தமிழ்ச் சட்டை மாட்டிக் காட்டும், அவ்வளவே. ஃபான்ட் இல்லாவிட்டால் வெறும் உடம்பு தெரியும். நான் திரையைப் பார்த்தேன். முதல் வார்த்தை epfOk; என்று இருந்தது.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"அண்ணே, லிஸ்ட்டுல எங்க ஃபான்ட்டே காணுமே?" என்றார் பொற்கொடி. நான் குனிந்து அந்தக் 'கரப்ட்' ஃபைலைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அதிலும் முதல் வார்த்தை அதே.

அவர் ஃபைலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதத்தான் போச்சுன்னீங்களா?"

"ஆமாம்மா."

"இத எங்கிட்ட ஒரு தரம் காட்டியிருக்கலாம்லண்ணே?"

விண்டோஸ் போடும்போதெல்லாம் என் கை தானாகவே ஒரு ஃபான்ட் ஃபோல்டரை உள்ளே போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். அதனால் இத்தனை வருடத்தில் ஃபான்ட் இல்லாத தமிழ் ஃபைலை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் தினமும் பார்க்கும் ஆளைக் குளியலறை வாசலில் அடையாளம் தெரியாமல் 'யாருங்க?' என்று கேட்ட கதைதான்.

சரி, ஃபான்ட் எங்கே? மெஷினில் இருந்தது பழைய விண்டோஸோடு போய்விட்டது. என்னிடம் இருந்த ஃபோல்டரோ சர்வீஸ் பென்டிரைவில். லினக்ஸ் ஏற்றுவதற்கு அழிக்கட்டுமா என்று கேட்டதும் மகாராஜனாகச் சம்மதம் கொடுத்தேனே, அதே பென்டிரைவில். மீதி இருப்பது அரியலூர் கடையில் ஒரு பழைய சிடியில்.

கீபோர்டு கதையையும் பொற்கொடியிடம் ஒப்புக்கொண்டுவிட்டுப் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"நீங்க ஃபார்மட் மணிதானே? எங்க வூட்டு லேப்டாப்பு ரொம்ப ஸ்லோவா இருக்குங்க. வந்து ஒரு ஃபார்மட் போட்டுத் தாங்களேன்."

ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது போல் இருந்தேன். பாவி, தன் வீடு வரைக்கும் வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

7. பெஞ்சில் பஞ்சாயத்து

சிடியிலிருந்து ஃபான்ட்டை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, பொற்கொடியின் கடை பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கோடியில் ராமலிங்கம், அந்தக் கோடியில் பெரியசாமி. நடுவில் இன்னும் நாலு பேர் உட்காரலாம்.

ஃபான்ட் ஃபைலை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தேன். அவ்வளவுதான் வேலை. பத்திரிகையைத் திறந்ததும் 'நிகழும் மங்களகரமான' என்று முழுதாக வந்து நின்றது. மேலே ராமலிங்கம். கீழே பெரியசாமி, ஒரு சைஸ் பெரிது.

முடிந்தது என்று நினைத்தேன்.

"பொற்கொடி," என்றார் ராமலிங்கம், "போனது எப்படித் திரும்பி வந்துச்சுன்னு அந்தக் கோடியில இருக்கறவருகிட்ட கேளு. யாரோ அழிக்கச் சொல்லிருக்காங்க. நான் வேகமாக் கெளம்பி வரவும் பயந்துபோய்த் திரும்ப வச்சிருக்காங்க."

"நானும் அதையேதான் கேட்டன்னு சொல்லும்மா," என்றார் பெரியசாமி. "எதுக்கு மறுபடியும் பேரு கேட்டாங்க? பழசு செல்லாது. நான் போன்ல சொன்னதைப் போடச் சொல்லு."

"அப்ப நானும் போன்ல சொன்னதுதான்."

பொற்கொடி சுவரில் சாய்ந்துவிட்டார். பல நாள் நடுவில் நின்று அவர் கட்டியதை நான் இரண்டு போனில் இடித்திருந்தேன். சதி எதுவும் இல்லை என்று நிரூபிக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. மானிட்டரைப் பிடித்து பெஞ்சுப் பக்கம் முழுதாகத் திருப்பினேன்.

"ஐயா, ரெண்டு பேரும் பாருங்க." ஃபான்ட்டை எடுத்தேன். தமிழ் போய்ப் பூனை நடந்தது. "இதைப் பாத்துட்டுத்தாங்க போச்சுன்னு சொன்னேன்." ஃபான்ட்டைப் போட்டேன். தமிழ் வந்தது. "இவ்வளவுதாங்க. யாரும் சொல்லி அழிக்கல. எனக்குத் தெரியலைங்க."

"எங்க, இன்னொரு தரம் எடு," என்றார் பெரியசாமி. எடுத்தேன். "போடு." போட்டேன். ராமலிங்கம் தனியாக ஒருமுறை செய்யச் சொன்னார். செய்தேன்.

"கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கற ஆளுக்கு இதுகூடவா தெரியாது?" என்றார் ராமலிங்கம். "நம்புற மாதிரியா இருக்கு?"

அப்போது பொற்கொடி வாயைத் திறந்தார்.

"நம்பலாங்கய்யா. இந்தா இருக்குல்ல," என்று மூன்று கீபோர்டையும் எடுத்து வரிசையாக மேசையில் வைத்தார். "பாஸ்வேர்டு அடிச்சா கண்ணுக்குத் தெரியலன்னு இவரு மூணு கீபோர்டு மாத்துனாருங்க. மூணுமே நல்லா ஓடுதுங்கய்யா. நீங்களே சொல்லுங்க, இவரு சதி பண்ற ஆளா?"

ராமலிங்கம் கீபோர்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய தோள்தான் முதலில் குலுங்கியது. துண்டை எடுத்து வாயை மூடியும் முடியவில்லை. பெஞ்சின் அந்தக் கோடியைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏன்டா பெரியசாமி, கேட்டியா? மூணு கீபோர்டாம்டா!"

"மூணாவது புதுசு வேறண்ணே!" என்றார் பெரியசாமி.

தாங்கள் நேருக்கு நேர் பேசிவிட்டது அவர்கள் இருவருக்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. பிறகு இருவரும் தரையைப் பார்த்தார்கள். பொற்கொடி அந்த இடைவெளியை விடவில்லை. "அப்ப பழசையே அனுப்பிடறேங்கய்யா," என்று சொல்லி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உங்களில் யாரையாவது, 'இந்த ஆள் குற்றம் செய்யும் அளவுக்குப் புத்திசாலி இல்லை' என்று சொல்லி விடுதலை செய்திருக்கிறார்களா? செய்திருந்தால் அன்றைக்கு நான் பஸ்ஸில் எப்படி உட்கார்ந்து ஊர் வந்தேன் என்று தெரியும்.

8. இதனால் அறிவது

லினக்ஸ் போடுகிறவர்களுக்கு: பழைய மெஷினை அழிக்கும் முன் ஃபான்ட் ஃபோல்டரைக் காப்பி எடுங்கள். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றும் முன் அதன் உள்ளே எட்டிப் பாருங்கள். அடிக்கிற பாஸ்வேர்டு திரையில் தெரியாவிட்டால் கீபோர்டைக் குற்றம் சொல்லாதீர்கள். இதெல்லாம் எந்த வீடியோவிலும் இருக்கும், விளம்பரம் முடியும் வரை பொறுத்திருந்தால்.

வீடியோவில் இல்லாதது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியவில்லை என்பது வேறு, போய்விட்டது என்பது வேறு. அன்று ஒரே நாளில் இரண்டு முறை நான் இரண்டையும் ஒன்றாக்கினேன். முதல் முறை கீபோர்டோடு போயிற்று. இரண்டாம் முறை ஒரு கோயிலே நின்றிருக்கும். மானிட்டரைப் பொற்கொடி பக்கம் வைத்திருந்தால் இரண்டாவது நடந்தே இருக்காது. இப்போது என் கடையில் மானிட்டர் கஸ்டமரைப் பார்த்துத்தான் இருக்கிறது. நான்தான் கழுத்தை வளைத்துப் பார்க்கிறேன்.

பத்திரிகை அச்சாகி வந்ததும் பொற்கொடி எனக்கு ஒன்று அனுப்பினார். மேலே ராமலிங்கம், கீழே ஒரு சைஸ் பெரிதாகப் பெரியசாமி. எல்லாருக்கும் கடைசியில், அச்சகத்தின் பெயருக்கு ஒட்டினாற்போல், பொடி எழுத்தில் ஒரு வரி: 'கம்ப்யூட்டர் உதவி: ஃபார்மட் மணி, அரியலூர்.'

போன் செய்து கேட்டேன். "யாரும்மா இதைச் சேர்த்தது?"

"ரெண்டு ஐயாவும்தாண்ணே, நீங்க போனப்பறம், அச்சு ஓடறதுக்கு முன்னால. எங்க போடறதுன்னு கேட்டேன். கடைசியிலன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னாங்க. அந்தப் பத்திரிகையிலயே சண்டை இல்லாமப் போட்ட பேரு உங்க பேருதாண்ணே."